நர்சிங் சேருமுன் மலை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம்: புதிதாகப் போகிறவர்களுக்கு

பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில் முடிகிறது. மே மாதம் ரிசல்ட். அதன்பிறகு விண்ணப்பம், தரவரிசை, கலந்தாய்வு என்று இழுத்து, நர்சிங் கல்லூரியின் முதல் வகுப்பில் போய் உட்காரும்போது பல வருடங்களில் ஆயுதபூஜையே முடிந்திருக்கும். இந்த இடைவெளியில் எங்கள் நீலகிரி மலைப் பிள்ளைகள் சிலர் அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போவார்கள், சிலர் சீசன் கூட்டத்துக்கு சாக்லேட் கடையில் நிற்பார்கள். வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் வந்து கேட்பார்கள்: "அக்கா, காலேஜ் போறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் நின்னு பார்க்கலாமா?"

தாராளமாக நிற்கலாம். நானும் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லைன் வீட்டிலிருந்து அப்படிப் போய் நின்றவள்தான். இப்போது ஸ்டாஃப் நர்ஸ். ஆனால் எதற்காகப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே பேசிவிடுவோம். தமிழ்நாட்டில் அரசுக் கலந்தாய்வு வழியாக பி.எஸ்சி. நர்சிங் சேர பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. தன்னார்வலராக இருநூறு மணி நேரம் நின்றேன் என்று சான்றிதழ் காட்டினாலும் அரை மார்க் ஏறாது. நேர்காணல் வைக்கும் சில தனியார் கல்லூரிகளில் பேசுவதற்கு ஒரு விஷயம் கிடைக்கும், அவ்வளவுதான். ஊசி போடவும் டிரிப்ஸ் ஏற்றவும் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது, நடக்கவும் கூடாது. அதற்குத்தான் பி.எஸ்சி. என்றால் நாலு வருடம், டிப்ளமோ என்றால் மூன்று வருடம், துணைச் செவிலியர் படிப்பான ஏ.என்.எம். என்றால் இரண்டு வருடம் வைத்திருக்கிறார்கள்.

போவது ஒரே ஒரு விஷயத்தைப் பார்ப்பதற்கு. வலியில் இருக்கும் ஒருவர் பக்கத்தில், கையில் ஊசியும் மருந்தும் இல்லாமல், உங்களால் நிற்க முடிகிறதா? ஊசியோடு நிற்பது சுலபம். கைக்கு ஒரு வேலை இருக்கும். வெறுங்கையோடு நிற்பதுதான் கஷ்டம். அது முடியாது என்று இரண்டு மாதத்தில் தெரிந்துவிட்டால், நாலு வருடமும் அப்பாவின் கடனும் மிச்சம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னோடு வந்த தோழி மூன்றாம் நாளே வருவதை நிறுத்திவிட்டாள். இப்போது லேப் டெக்னீசியனாக இருக்கிறாள், என்னைவிடச் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள்.

எங்கே கேட்பது

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்தார்கள். 700 படுக்கை; அதில் பழங்குடியினருக்கென்றே 50 படுக்கை. குன்னூரில் அரசு லாலி மருத்துவமனை. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. கூடலூரில் அஸ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனை 1990-லிருந்து இயங்குகிறது. ஆதிவாசிப் பெண்களையே நர்சுகளாகவும் கிராம சுகாதாரப் பணியாளர்களாகவும் பழக்கிய இடம் அது. இவை போக ஆரம்ப சுகாதார நிலையங்கள், மிஷன், டிரஸ்ட் ஆஸ்பத்திரிகள்.

எல்லாரும் பெரிய ஆஸ்பத்திரியைத்தான் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் முதல் மாதம் சின்ன இடமாகப் பாருங்கள். முப்பது படுக்கை இருக்கும் ஆஸ்பத்திரியில் சிஸ்டருக்கு உங்கள் பெயர் இரண்டாம் நாளே தெரிந்துவிடும். பெரிய இடத்தில் ஏற்கெனவே மருத்துவ மாணவர்களும் நர்சிங் மாணவிகளும் நிறைந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்கள் எந்தச் சுவரில் சாய்ந்து நிற்பது என்பதே ஒரு பிரச்சினையாகிவிடும்.

அரசு ஆஸ்பத்திரியில் தன்னார்வலர் ஆக, கவுண்டரில் கேட்டால் நீட்டும் ஃபாரம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். வெள்ளைத்தாளில் கடிதம் எழுதி, தாலுகா ஆஸ்பத்திரி என்றால் தலைமை மருத்துவரையும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் நிலைய மருத்துவ அலுவலரையும் பார்க்க வேண்டும். வெளிநோயாளிகளைப் பார்க்கும் ஓ.பி. நேரத்தில் போனால் யாராக இருந்தாலும் எரிச்சல்தான் வரும். ஓ.பி. கூட்டம் கரைந்தபின், மதியத்தை ஒட்டிப் போங்கள். கடிதம் அரைப்பக்கம் போதும். உங்கள் பெயர், ஊர், படித்த பள்ளி, நர்சிங் சேரப்போகும் விவரம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, வாரத்தில் எந்த நாட்கள், எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை என்று எழுதிவிட்டு, கடைசியில் இந்த ஒரு வரியைச் சேருங்கள்: "நோயாளிகளின் சிகிச்சை தொடர்பான எந்த வேலையும் செய்ய மாட்டேன், செவிலியர் சொல்வதை மட்டுமே செய்வேன் என உறுதி கூறுகிறேன்." அவர்களுக்கு இருக்கும் பயமே அதுதான். ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். அதை நீங்களே எடுத்துச் சொல்லிவிட்டால் பாதிக் கதவு திறந்த மாதிரி.

கூடவே ஆதார் நகல், மதிப்பெண் பட்டியல் நகல், பள்ளித் தலைமை ஆசிரியரிடமோ என்.எஸ்.எஸ். ஆசிரியரிடமோ வாங்கிய ஒரு கடிதம். 18 வயது நிரம்பவில்லை என்றால் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம். முடிந்தால் அவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டே போங்கள். "பார்க்கலாம், அடுத்த வாரம் வாம்மா" என்று சொன்னால் அது மறுப்பு அல்ல. அடுத்த வாரம் அதே நாள் போய் நில்லுங்கள். நான் மூன்று தடவை போனேன்.

போவதற்கு முன் உடம்புக்கு

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. இன்று போட்டால் ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. குழந்தையில் போட்டிருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள், கல்லூரியிலும் கேட்பார்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சளி, இருமல், காய்ச்சல் இருக்கும் நாளில் போகாதீர்கள். நீங்கள் தும்மிவிட்டு வரும் ஜலதோஷம் டயாலிசிஸ் நோயாளிக்கு நிமோனியாவாகலாம்.

உடை விஷயத்தில் மலையில் ஒரு சிக்கல் உண்டு. ஜூன் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வார்டில் நிற்க முடியாது. ஆனால் ஸ்வெட்டர் கை மணிக்கட்டுவரை தொங்கினால் கையைச் சரியாகக் கழுவ முடியாது; படுக்கைக்குப் படுக்கை அதுவே கிருமியைத் தூக்கிக்கொண்டு போகும். கையில்லாத ஸ்வெட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே கனத்த பனியன். முழங்கைக்குக் கீழே துணி, வளையல், மோதிரம், சாமிக் கயிறு, வாட்ச் எதுவும் வேண்டாம். கயிற்றைக் கழற்ற மனம் வராவிட்டால் கையிலிருந்து எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. முன்பக்கம் மூடிய, வழுக்காத செருப்போ ஷூவோ போடுங்கள். பனி இறங்கினால் ஆஸ்பத்திரி வராந்தா சோப்புத் தண்ணீர் ஊற்றிய மாதிரி வழுக்கும்.

முதல் வாரம்

வார்டின் சொந்தக்காரர் டாக்டர் என்று நினைத்துக்கொண்டு போவீர்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார், போவார். வார்டு சிஸ்டருடையது. சிஸ்டருக்கு அடுத்தபடி ஆயாம்மாக்களுடையது. எந்த ஜன்னல் மூடாது, எந்தக் கட்டிலின் தலைப்பக்கம் உயராது, எந்தப் பாத்ரூமில் வெந்நீர் வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். முதல்நாள் போனதும் சிஸ்டருக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஆயாம்மாவிடம் போய், "நான் புதுசும்மா, எங்க நிக்கணும்னு சொல்லுங்க" என்று கேளுங்கள்.

டூட்டி மாறும்போது 'ஓவர்' கொடுப்பார்கள். ஒரு ஷிப்ட் சிஸ்டர் அடுத்த சிஸ்டருக்குக் கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்வது. அந்த நேரம் குறுக்கே பேசாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள். இரண்டடி தள்ளி நின்று காதைக் கொடுங்கள். அனுமதித்தால் இரண்டு மாதத்தில் நீங்கள் கற்பதில் பாதி அங்கேதான்.

நான் போன இரண்டாம் வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். குடலிறக்க ஆபரேஷனுக்காக ஒரு தாத்தா படுத்திருந்தார். காலை எட்டரை இருக்கும். "நாக்கு ஒட்டுது கண்ணு, ஒரு வாய் டீ கிடைக்குமா" என்றார். எங்கள் தாத்தா குரல் மாதிரியே இருந்தது. கேன்டீனுக்கு ஓடிப்போய்ப் பால் டீயும் ஒரு பன்னும் வாங்கி வந்தேன். பன்னை டீயில் நனைத்து நனைத்து நானே ஊட்டினேன். பத்து மணிக்கு தியேட்டரிலிருந்து ஸ்ட்ரெச்சர் வந்தது. கட்டிலின் கால்மாட்டில் சின்ன அட்டை தொங்கியிருக்கிறது, வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்று. நான் அதைப் பார்க்கவே இல்லை. வயிற்றில் ஆகாரம் இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் உள்ளே இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அவர் மகன் இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டுப் பந்தலூரிலிருந்து வந்திருந்தார். இன்னொரு நாளும் போயிற்று. சிஸ்டர் கத்தவில்லை. என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தொட்டுக் காட்டி, "இதை மாட்டிக்கிட்டு யார் குடுத்தாலும் அது ஆஸ்பத்திரி குடுத்ததுதான்" என்றார். கத்தியிருந்தால் மறந்திருப்பேன்.

அதனால் சாப்பாடு, தண்ணீர், மாத்திரை எதுவானாலும் "சிஸ்டரைக் கேட்டுட்டு வரேன்" என்பதே உங்கள் முதல் வாக்கியமாக இருக்கட்டும். நோயாளி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சாப்பாடு ஊட்டச் சொன்னால் முதுகுக்குத் தலையணை வைத்து நன்றாக நிமிர்த்தி உட்கார வையுங்கள். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் கழுத்தை அண்ணாந்து விழுங்குவார். கஞ்சி மூச்சுக்குழல் பக்கம் போகும். நீங்களும் ஸ்டூல் போட்டு அவர் முகத்துக்கு நேரே உட்காருங்கள். அரை ஸ்பூன். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தபின் அடுத்த அரை ஸ்பூன். அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டவே கூடாது. முடிந்ததும் உடனே படுக்க வைக்காமல் அரைமணி நேரம் சாய்ந்தபடி இருக்கட்டும். ஒரு கிண்ணம் கஞ்சிக்கு நாற்பது நிமிடம் ஆகும். சிஸ்டருக்கு அந்த நாற்பது நிமிடம் கிடைப்பதே இல்லை. அங்கேதான் உங்களுக்கு வேலை.

வீல்சேரும் சரிவும்

எங்கள் ஆஸ்பத்திரிகளில் சமதளம் குறைவு. ஒரு கட்டடம் மேலே, எக்ஸ்ரே கீழே, நடுவில் சரிவு. வீல்சேர் தள்ளுவதுதான் உங்களுக்குக் கொடுக்கும் முதல் பொறுப்பாக இருக்கும், அதனால் சரியாகப் பழகிக்கொள்ளுங்கள்.

ஏற்றுவதற்கு முன் இரண்டு பக்கப் பிரேக்கும் போட்டாயிற்றா என்று கையால் அசைத்துப் பாருங்கள். கால் வைக்கும் பலகையை மேலே மடித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். பலகை மேலேயே ஏறி நின்றால் வண்டி முன்பக்கம் கவிழும். உட்கார்ந்தபின் பலகையை இறக்கிக் கால்களை அதன்மேல் வையுங்கள். போர்வையோ சேலைத் தலைப்போ சக்கரத்துப் பக்கம் தொங்குகிறதா என்று பாருங்கள். யூரின் பை இருந்தால் அது இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும், மடியில் வைக்கக் கூடாது. சரிவில் ஏறும்போது முன்னோக்கித் தள்ளுங்கள். இறங்கும்போது திருப்பிக்கொண்டு, நீங்கள் பின்புறமாக நடந்து இறங்குங்கள். நோயாளியின் முகம் மேட்டுப் பக்கம் பார்க்க வேண்டும். முன்னோக்கி இறக்கினால் கனமான ஆள் அப்படியே முன்னால் சரிந்துவிடுவார், உங்கள் கையால் பிடிக்க முடியாது. மழைநாளில் தனியாக இறக்காதீர்கள். ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள்.

வலிக்குத் தமிழில் எத்தனை சொல்

இந்த இரண்டு மாதத்தில் நீங்கள் பழக வேண்டிய கலை ஒன்று உண்டென்றால் இதுதான். நோயாளி சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே சிஸ்டரிடம் சொல்வது.

நம் ஆட்கள் வெறுமனே 'வலிக்குது' என்று சொல்வது குறைவு. குத்துது என்பார்கள், எரியுது, இழுக்குது, கடுக்குது, குடையுது, சுள்ளுனு இருக்கு, விண்விண்ணுன்னு தெறிக்குது, மரத்துப்போச்சு. ஒவ்வொன்றும் வேறு. நெஞ்சு கரிக்குது என்பது பெரும்பாலும் புளித்த ஏப்பத்தோடு வரும் எரிச்சல். நெஞ்சை அடைக்குது, யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு என்றால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய விஷயம். சர்க்கரை நோயாளியும் வயதான அம்மாக்களும் அதைக்கூட அப்படிச் சொல்ல மாட்டார்கள். "என்னமோ பண்ணுது", "வேர்த்து வேர்த்து வருது" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். இந்த ஊர்க் குளிரில் ஒருவருக்கு வேர்க்கிறது என்றாலே காரணம் கேட்காமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். தலை சுத்துது, கிறுகிறுன்னு வருது, கண்ணு இருட்டுது, மயக்கமா வருது. இந்த நாலையும் நீங்களே ஒன்றாக்கி 'தலைசுற்றல்' என்று போய்ச் சொன்னால் டாக்டருக்குக் கிடைக்க வேண்டிய தகவலில் முக்கால்வாசி உங்களிடமே தங்கிவிடும்.

மொழி இன்னொன்று. ஹட்டி எனும் படுகர் ஊர்களிலிருந்து வரும் பாட்டிகள் தங்கள் படுகு மொழி மட்டும் பேசுவார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளம் கலந்துதான் பேச்சு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் தமிழுக்குத் தனி ருசி உண்டு. உங்களுக்குப் படுகு தெரிந்தால் அதைக் கடிதத்திலேயே எழுதுங்கள். எந்தச் சான்றிதழைவிடவும் அது பெரிய தகுதி. தெரியாவிட்டால் பக்கத்துக் கட்டில்காரர் யாராவது சொல்லித் தருவார். வலி, தண்ணீர், பாத்ரூம், குளிர், பயம் இந்த ஐந்துக்கும் சொல் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பணியர், காட்டுநாயக்கர், இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகள் வார்டில் சத்தமே போட மாட்டார்கள். வலி இல்லை என்று அர்த்தமில்லை. இந்தியாவில் சிக்கில் செல் எனும் ரத்தக் கோளாறு முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-ல். சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து சின்ன ரத்தக்குழாய்களை அடைக்கும். கை, கால், இடுப்பு என்று எலும்புக்குள்ளிருந்து வலி வரும். குளிரும் உடம்பில் தண்ணீர் குறைவதும் அதைக் கிளப்பிவிடும். அந்தப் பிள்ளைக்கு நீங்கள் மருந்து கொடுக்க முடியாது. ஆனால் இன்னொரு கம்பளி கேட்டு வாங்கிப் போர்த்தலாம், ஜன்னலை மூடலாம், சிஸ்டரைக் கேட்டுவிட்டு மணிக்கொரு தடவை வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொடுக்கலாம். "ஏன் முன்னாடியே கூட்டிட்டு வரலை" என்று அம்மாவைக் கேட்காதீர்கள். யானை நிற்கிற பாதையில் விடியுமுன் நடந்து வந்து பஸ் பிடித்திருப்பார்கள்.

குளிரில் இன்னொரு சின்ன விஷயம். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் கருவி, விரல் ஜில்லிட்டிருந்தால் தப்பான அளவு காட்டும், சில நேரம் காட்டவே காட்டாது. சிஸ்டர் வருமுன் அந்தக் கையை உங்கள் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி வையுங்கள். மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் சொல்லுங்கள். வெந்நீர்ப் பை மட்டும் நீங்களாக வைக்காதீர்கள். சர்க்கரை நோயாளிக்குக் கால் மரத்திருக்கும். தோல் வெந்தபிறகுதான் தெரியும்.

கை, குப்பை, ஊசி

சோப்புப் போட்டுக் கை கழுவ 40-லிருந்து 60 வினாடி, கைக்கு மருந்து தடவித் தேய்க்க 20-லிருந்து 30 வினாடி. ஒரு நோயாளியைத் தொடுமுன், தொட்டபின், அவர் கட்டிலைத் தொட்டபின்னும். குளிர்ந்த தண்ணீரில் பத்துத் தடவை கழுவினால் கை வெடிக்கும். இரவு தேங்காய் எண்ணெய் போடுங்கள்.

குப்பைக்கு நிறம் உண்டு, 2016 விதிப்படி. ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள். டியூப், கையுறை, ஊசி கழற்றிய சிரிஞ்சு சிவப்பு. ஊசி, பிளேடு துளைத்து வெளிவர முடியாத வெள்ளைநிற டப்பா. கண்ணாடி மருந்துப் புட்டி நீலம். பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் நீங்கள் எடுத்துப் போடாதீர்கள். தரையில் ஊசி கிடந்தால் தொடாமல் அங்கேயே நின்று ஆயாம்மாவைக் கூப்பிடுங்கள்.

தப்பித்தவறிக் குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்பால் கழுவிவிட்டு உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைப்பதுதான் பெரிய ஆபத்து. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. காசநோய் வார்டுக்கு அனுப்பினால் சாதாரண முகமூடியோடு போகாதீர்கள், என்95 கேளுங்கள். இல்லை என்றால் வேறு வேலை கேளுங்கள். அது திமிர் இல்லை.

காகித வேலையும் பெரிய வேலைதான்

வார்டைவிட அதிகம் உதவக்கூடிய இடம் ஓ.பி. வராந்தா. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அறை என்று தெரியாமல் நிற்பார்கள். நாய்க்கடிக்கு வருகிறவர்களைப் பாருங்கள். தோலில் போடும் முறையென்றால் முதல்நாள், 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. மூன்றாவதோடு பாதிப்பேர் நின்றுவிடப் பார்ப்பார்கள், புண் ஆறிவிட்டதே என்று. வெறிநாய்க்கடி மருத்துவத்துக்காகவே 1907-ல் குன்னூரில் பாஸ்டியர் நிறுவனம் தொடங்கிய மலை இது. இங்கேயே ஊசி தவறலாமா? நாட்காட்டியைப் பார்த்து, அடுத்த தேதியைக் கிழமையோடு சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். 'சந்தை நாள்' என்று சொன்னால் இன்னும் நன்றாக நினைவிருக்கும்.

பெரிய ஆபரேஷன் என்றால் "கீழே போகச் சொல்லிட்டாங்க" என்பார்கள், கோயம்புத்தூருக்கு என்று அர்த்தம். அப்போது வீட்டில் எழும் முதல் கேள்வி பணம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ.விடம் வாங்கிய சான்று. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, யார் எதை எங்கே வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் ஒரு குடும்பத்துக்கு இரண்டு நாள் அலைச்சல் மிச்சமாகும்.

வாயும் போனும்

வார்டில் போனை வெளியே எடுக்காதீர்கள். பின்னால் யாரோ படுத்திருக்கும் செல்ஃபியும் கூடாது. நம் ஊரில் இது இன்னும் முக்கியம். ஒரு ஹட்டியில் பத்துப் பேரைத் தெரிந்தால் எல்லாரும் சொந்தம். இன்னார் வீட்டுப் பெண்ணைப் பிரசவ வார்டில் பார்த்தேன் என்று நீங்கள் அம்மாவிடம் சொல்வது, அந்தப் பெண் வீடு திரும்பும் பஸ்ஸுக்கு முன்னால் அவள் ஊருக்குப் போய்ச் சேரும். தெரிந்த முகத்தைப் பார்த்தால் அவர்கள் முதலில் பேசட்டும். "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்று நீங்களாகச் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு நிம்மதியாக இருக்கும்.

தலை சுற்றினால், யாராவது இறந்தால்

முதல் டிரஸ்ஸிங் பார்த்து மயக்கம் வந்தால் தகுதி இல்லை என்று ஓடிவிடாதீர்கள். இன்று நாற்பது பேருக்கு டிரஸ்ஸிங் செய்கிற பல சிஸ்டர்கள் அன்று விழுந்தவர்கள்தான். காது அடைத்து, மேலுதடு வேர்த்தால் உடனே தரையில் உட்கார்ந்து தலையை முழங்காலுக்கிடையில் குனியுங்கள். பெருமைக்காக நின்றால் விழுந்து மண்டை உடைந்து நீங்களும் ஒரு கட்டிலைப் பிடிப்பீர்கள். காலையில் சாப்பிடாமல் மட்டும் போகாதீர்கள்.

நான் பார்த்த முதல் மரணம் மதியம் இரண்டு மணிக்கு. நுரையீரல் கெட்டுப்போன ஒரு பாட்டி. பேத்தி டீ வாங்கப் போயிருந்தாள். சிஸ்டர் வந்து பார்த்தார், டாக்டரைக் கூப்பிட்டார், எல்லாம் முடிந்தது. பிறகு பாட்டியின் கால் விரலில் மெட்டி சுற்றியிருந்ததைச் சரியாகத் திருப்பிவைத்து, போர்வையை இழுத்துவிட்டு, என்னிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணு வரும்போது நீ வாசல்ல நில்லு. ஒண்ணும் சொல்லாத, நான் சொல்றேன். டீ டம்ளரை மட்டும் கையிலிருந்து வாங்கிக்க." சூடான டீ கையில் இருக்கும்போது அந்தச் செய்தியைக் கேட்டால் அவள் கைதான் முதலில் வேகும் என்று அந்த நிமிடத்தில் யோசிக்க ஒரு ஆளால் முடிந்தது. நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

அன்று வீட்டுக்குப் போய் யாரிடமாவது பேசுங்கள், ஆள் பெயரும் ஊரும் சொல்லாமல். மறுநாள் போக முடியவில்லை என்றால் போன் செய்து சொல்லிவிட்டு ஒருநாள் இருங்கள்.

நேரம், பஸ், சான்றிதழ்

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலைந்து மணி நேரம் போதும். தினமும் போகிறேன் என்று ஆரம்பிப்பவர்கள் பத்தாம் நாள் காணாமல் போவார்கள். மாலை ஆறு மணி பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பஸ் இருந்தாலும் ஆறு மணிக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள். ஏப்ரல், மே சீசனில் அரைமணி வழி இரண்டு மணி ஆகும். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர்ப் பக்கமும், ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் மண் சரியும். மழை பலத்தால் வரவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் இருங்கள். வர முடியாத நாளில் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம்.

இதற்கிடையில் சொந்தக் காகிதங்களை மறந்துவிடாதீர்கள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று. பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் கையெழுத்துக்குப் போக வேண்டும், நாளாகும்; ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி மதிப்பெண் இருந்தும் அந்த ஒரு தாளுக்காக ஒரு வருடம் வீட்டில் இருந்தாள்.

கடைசி நாள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுங்கள். எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்று தலைமை மருத்துவரிடமோ சிஸ்டரிடமோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு நீங்களே தேதி வாரியாகக் குறித்து வைத்திருந்தால் அவர்கள் கையெழுத்துப் போடுவது சுலபம். ஆயாம்மாக்களுக்கு ஒரு பாக்கெட் வர்க்கி வாங்கிப் போங்கள். சிஸ்டரிடம் கல்லூரி எது என்று சொல்லிவிட்டு வாருங்கள், பிராக்டிகலுக்குத் திரும்ப அங்கேயே வந்தாலும் வருவீர்கள்.